கடல் கடந்த தேரை



தேரை என்னும் சிற்றுயிரைத் தமிழ் மக்கள் அன்போடு நோக்கினர் என்று சொல்வதற்கில்லை. உள்ளீடு வற்றிய தேங்காயைத் ‘தேரை மோந்தது’ என்கிறோம். மெலிந்து வாடும் குழந்தையையும் அவ்வாறே சொல்கிறோம். அது செய்யாத குற்றம் இரண்டினை அதன்மேல் ஏற்றிவிட்டோம். ஆயினும் தேரையின் இயல்பை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். அகத்தியரின் மாணாக்கராகிய தேரையரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மன்னன் ஒருவனது தலைக்குள் புகுந்திருந்த தேரையை வெளியேற்றும் வழி புலப்படாமல் நின்றபோது, மாணாக்கர் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொணர்ந்து அருகே காட்டினாராம். தேரை நீரை நாடித் தாவிக் குதித்ததாம். கதை எவ்வாறாயினும் ஆகுக. தேரைக்கு நீரே உயிர் என்னும் அறிவு அதனுள் பொதிந்திருக்கிறது. தேரை வாயினால் நீர் பருகுவதில்லை. ஈரத்தின்மேல் அமர்ந்து வயிற்றுப்புறத் தோலின் வழியே நீரை உட்கொள்ளுகிறது.

இக்காலத்தில் அயல்நாட்டுப் பெருந்தேரைகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆசை இளைஞரிடையே தோன்றியிருக்கிறது. அவ்வாறு வளர்க்கப்பெறும் தேரைகளுள் உருவிற் பெரியது ‘கரும்புத் தேரை’. அதனுடைய வரலாற்றை அறிந்தபின் அந்த ஆசையை எடைபோடுவது நலம்.

இத்தேரையின் தாயகம் தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும் ஆகும். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1758-இல் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். கரும்புப் பயிரைத் தின்னும் வண்டுகளை இத்தேரை தின்றொழிக்கும் என்ற நம்பிக்கையால், தோட்ட முதலாளிகளும் ஆராய்ச்சியாளரும் இதனைத் தீவுக்குத் தீவு கொண்டு சென்றனர். போர்ட்டோ ரீக்கோவிலிருந்து 1932-இல் ஹவாய்த் தீவுகளுக்கு வந்தது. அங்கிருந்து 1935-இல் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட தேரைகள் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கப்பலேறின. அவை அங்கே இனம் பெருக்கின. அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏறத்தாழ 2,400 இளந்தேரைகள் கார்டன்வேல் முதலிய இடங்களில் வெளியே விடப்பட்டன.

எதிர்ப்பு எழாமல் இல்லை. வால்டர் பிராகட் என்னும் முதிய பூச்சியியல் அறிஞர், இத்தேரை பெருங்கேடாய் முடியும் என்று எச்சரித்தார். அவர் சொல்லுக்குச் செவி சாய்த்த அரசு, மேலும் தேரைகளை விடுவதற்கு ஒரு தடை விதித்தது. ஆயினும் 1936-இல் அத்தடை நீங்கிவிட்டது.

விளைந்தது என்ன? வண்டின் புழு மண்ணுக்கடியில் வேரைத் தின்றது. வளர்ந்த வண்டோ கரும்பின் உச்சியில் இருந்தது. தரையில் தத்தும் தேரைக்கு இரண்டும் எட்டவில்லை. கரும்பு காக்கப்படவில்லை, தேரை மட்டும் பெருகியது. ஒரு பெண் தேரை ஒரு முறையில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அதன் கண்ணுக்குப் பின்னே, தோளின்மேல், நச்சுப்பால் சுரக்கும் சுரப்பிகள் இரண்டு உள்ளன. முட்டையும் தலைப்பிரட்டையுங்கூட நஞ்சுடையவை. அந்நஞ்சை முன்பின் அறியாத அந்நாட்டு ஊனுண்ணிகளான குவோல் என்னும் விலங்கும் உடும்பும் பாம்பும் தேரையைத் தின்று மாண்டன. 1984-இல் வட ஆட்சிப் பகுதிக்குள்ளும், 2009-இல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளும் தேரைப் படை புகுந்தது. நூற்றுச் சொச்சம் கோடிகளாய்ப் பெருகிவிட்டது.

இனி இரு தேரைகளின் கதையைக் கேளுங்கள். சுவீடனில் ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்த கரும்புத் தேரைக்குப் ‘பிரின்சன்’, அதாவது இளவரசன், என்று பெயர். 1991-இல் அது 2.65 கிலோகிராம் எடை இருந்ததாக உலகச் சாதனை நூலில் பதிவாயிற்று. 2023-இல் குவீன்ஸ்லாந்தின் கான்வே தேசியப் பூங்காவில், காவலர்கள் 2.7 கிலோகிராம் எடையுள்ள ஒரு தேரையைக் கண்டனர். அந்நாட்டு உயிர்களுக்குக் கேடு என்பதால் அது கொல்லப்பட்டது. இனம் ஒன்று, உருவமும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று இளவரசனாக வாழ்ந்தது. மற்றொன்று பகையாக மாண்டது. இவ்வேற்றுமை தேரையின் குணத்தால் வந்ததன்று. மனிதன் அதனை எங்கே வைத்தான் என்பதால் வந்தது.

வளர்ப்பதென்றால் அது எளிய வேலையன்று. தேரை புதைந்து ஒடுங்கத் தக்க ஈரமண் வேண்டும். பகலில் மறைய இருட்டிடம் வேண்டும். அமர்ந்து நனையத் தட்டையான பாத்திரத்தில் நாள்தோறும் புதுநீர் வேண்டும். தோலின் வழியே எதையும் உறிஞ்சும் உயிராதலின், குளோரின் கலந்த குழாய்நீரை அப்படியே ஊற்றலாகாது. புழுவும் பாச்சையும் இரையாகும். காட்டியதை எல்லாம் விழுங்குவதால் அளவு மீறினால் கொழுத்து நோயுறும். தொட நேரின் ஈரக் கையால் தொட்டு, பின் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். வீட்டு நாய் அதனைக் கவ்வினால் நாயின் உயிருக்கே இடர். அன்றியும் இது பத்தாண்டுக்கு மேலும் வாழவல்லது. பள்ளியிறுதி வகுப்பில் இதனை வாங்கும் மாணவன், தன் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் நாளிலும் இதற்கு இரை தேடவேண்டியிருக்கும்!

சட்டமும் வாளாவிருக்கவில்லை. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தம் பெற்றது. அனைத்துலக வாணிப உடன்படிக்கையின் பட்டியலில் அடங்கும் அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்தல் வேண்டும் என 2024-இல் விதிகள் வந்தன. கரும்புத் தேரை அப்பட்டியலில் இல்லை. எனினும் அயல் விலங்கு எதனையும் அனுமதியின்றி நாட்டுக்குள் கொணர்தல் குற்றமே. 2022-இல் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய பயணப் பெட்டிகளில் பாம்புகளும் ஆமைகளும் ஒரு குரங்கும் அடைபட்டிருந்தன. அதிகாரிகள் அவற்றைத் திருப்பி அனுப்பினர். காற்றும் நீரும் இன்றிப் பெட்டிக்குள் மடியும் உயிர்கள் எத்தனையோ! விலை கொடுத்து வாங்குவோர் இருக்கும்வரை அக்கொடுமைக்கு முடிவில்லை.

‘ஆஸ்திரேலியா எங்கோ இருக்கிறது; நமக்கென்ன?’ என்று கேட்கலாம். நம் வயல்களில் கத்தும் பெருந்தவளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கால்களை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து அதன் தொகையைக் குறைத்தோம். 1987-இல் மைய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்யும் நிலை வந்தது. அதே தவளை, வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து இந்நூற்றாண்டில் அந்தமானுக்குச் சென்று, அங்குள்ள சிறுதவளைகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்று பெருகி வருகிறது. இங்கே இருந்தால் உழவனின் தோழன்; அங்கே போனால் தீவுக்குப் பகைவன்.

எங்கள் திருவேற்காட்டுக்கு ‘விடந்தீண்டாப் பதி’ என்றொரு பெயர் உண்டு. இங்கே அரவின் நஞ்சு தீண்டாது என்பது தலத்தின் நம்பிக்கை. அவ்வூரின் அருகே கூவம் ஓடுகிறது. வளர்த்துச் சலித்த ஒருவர், இரக்கம் என்று எண்ணி, அயல் தேரை இரண்டினை அக்கரையில் விட்டுவிட்டால் அந்த இரக்கமே நஞ்சாகிவிடக்கூடும். குவீன்ஸ்லாந்திலும் தேரைகளை விட்டவர்கள் நன்மையையே எண்ணினர் என்பதை மறத்தலாகாது. ஆதலின் அயல் தேரையை ஏற்கெனவே வைத்திருப்போர் அதன் இறுதி நாள்வரை செம்மையாகப் பேணுக. இயலாதாயின் வனத்துறையையோ கால்நடை மருத்துவரையோ நாடுக. எக்காரணத்தாலும் வெளியே விடற்க.

இன்னும் வாங்காதவர்க்கு ஒன்று சொல்வேன். ஐப்பசி மழை பெய்ததும் விளக்கொளியில் ஈசலைத் தேடி நம் முற்றத்துக்கு ஒரு தேரை வருமே, அதனைக் காலால் தள்ளாதிருங்கள். கிணற்றடியில் ஒரு கல்லின் நிழலும் சிறிது ஈரமும் அதற்குப் போதும். அதற்குத் தொட்டியும் வேண்டாம், கப்பலும் வேண்டாம், பதிவும் வேண்டாம். தன் இடத்தில் தானே வாழும் உயிரை வாழவிடுவதினும் சிறந்த வளர்ப்பு வேறில்லை.