சதர்லாந்து: கூட்டுத்தொகை மறைத்த கதை

ஸ்காட்லாந்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் இந்தக் கவுண்டிக்குப் பெயர் என்னவோ 'தெற்கு நிலம்'! அதற்கும் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் குடியிருந்த நார்ஸ் மக்கள் வைத்த பெயர் அது. அவர்களுக்கு இது தெற்குதானே.

சதர்லாந்து என்றாலே 19-ஆம் நூற்றாண்டின் குடியகற்றம்தான் நினைவுக்கு வரும். கவுண்டியின் பெரும்பகுதி சீமாட்டி எலிசபெத், அவர் கணவர் ஸ்டாஃபர்ட் பிரபு ஆகியோரின் சொத்து. ஆடு வளர்த்துக் கம்பளி விற்றால் குத்தகை அதிகம் வரும் என்று கணக்குப் போட்டு, பள்ளத்தாக்குகளில் தலைமுறைகளாக இருந்த கேலிக் மொழி பேசும் குடிகளை வெளியேற்றினார்கள். 1814-லும் 1819-லும் ஸ்ட்ராத்னேவரில் வீடுகள் எரிந்தன. பண்ணையின் காரியஸ்தர் பேட்ரிக் செல்லர் மீது 1816-ல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார்! பிறகு அதே ஸ்ட்ராத்னேவரில் அவரே பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர்.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். 1811-ல் சுமார் 23,600 பேர். 1851-ல் சுமார் 25,800. இத்தனை பேரை விரட்டிய பிறகு எண்ணிக்கை கூடியிருக்கிறது! பண்ணையை ஆதரித்தவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று.

இருப்பாய்வு பொருந்திவிட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை என்பது வணிகவியலில் பாலபாடம். இங்கேயும் அதேதான். கில்டோனன் வட்டாரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்: 1811-ல் 1,574 பேர், 1831-ல் 257. சிலர் கனடாவின் ரெட் ரிவருக்குக் கப்பலேறினார்கள். மற்ற பலர் கடற்கரையில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். பயிரை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதபடி, வேண்டுமென்றே சிறிய நிலத்துண்டுகள்தான் கொடுத்தார்கள். மீன் பிடித்தே ஆகவேண்டும். கடலையே அறியாத மாடு மேய்ப்பவர்கள் ஹெரிங் மீன் பிடிக்கப் போனார்கள். கவுண்டியின் கூட்டுத்தொகையில் இவர்களும் சேர்ந்திருந்ததால் உள்ளே ஏற்பட்ட வெறுமை தெரியவில்லை.

அந்தக் கரையோர வாழ்க்கை நிலைக்கவில்லை. 1851-க்குப் பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. கம்பளி விலையும் விழுந்து, ஆட்டு நிலங்கள் பல பணக்காரர்கள் மான் வேட்டையாடும் காடுகளாயின. (காடு என்று பெயர்தான், மரம் அதிகம் இருக்காது.) 1886-ல் சிறு குடியானவர்களை நிலத்திலிருந்து அகற்ற முடியாதபடி சட்டம் வந்தது. அதற்குள் பள்ளத்தாக்குகள் காலியாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

1971-ல் கவுண்டி முழுவதற்கும் சுமார் 13,000 பேர்தான். 1975-ல் கவுண்டி நிர்வாகம் கலைக்கப்பட்டு ஹைலேண்ட் பிராந்தியத்தின் ஒரு மாவட்டமானது, 1996-ல் அந்த மாவட்டமும் போய்விட்டது. இப்போது நிர்வாகம் ஹைலேண்ட் கவுன்சிலிடம் இருக்கிறது.