வானொலியின் கரகரப்பும் மின்பெட்டியும்

கிணற்றடி மோட்டாரை ஒருவர் முடுக்கிய நொடியில் வானொலிப் பாட்டின் நடுவே 'கரகர'வென்றோர் ஓசை குறுக்கிடுவதுண்டு. மேட்டூர் நீர்மின்சாரம் 1937-இல் பிறந்தது. திருச்சி வானொலி 1939-இல் பேசத் தொடங்கியது. எருமப்பட்டி போன்ற ஊர்களில் இவ்விரண்டும் சந்தித்தபோது மூண்ட பூசலே அது.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1887-இல் மின்பொறியினின்றே அலைகளை எழுப்பினார். ஸ்டார்ட்டரில் தெறிக்கும் பொறி அப்பொறியின் பேரன்தானே! அதற்கும் முன்பே, 1881-இல், தொலைபேசியின் இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் முறைக்குக் கிரகாம் பெல் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்த முறுக்குகளில் புகும் இரைச்சல் எதிரெதிராய் நின்று தானே அழிந்துபோகிறது.

இன்று பூசல் ஆலைக்குள் நுழைந்துவிட்டது. கோழித்தீவன ஆலையொன்றை எண்ணிப் பாருங்கள். எடையை உணர்த்தும் கம்பியில் வருவது சில மில்லிவோல்ட்டே. மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியின் கம்பி அதனருகே கிடந்தால் எடை தள்ளாடும். தீவனத்தில் உப்பு மிகுந்தால் கோழிகள் மடியும்.

மின்பெட்டிக்குள் எல்லாக் கம்பிகளையும் ஒரே கட்டாகக் கட்டி அழகு பார்ப்போர் உண்டு. கண்ணுக்கு நேர்த்தி, சைகைக்குக் கேடு! தேர்ந்த பணியாளர் மின்னாற்றல் கம்பிகளுக்கும் சைகைக் கம்பிகளுக்கும் தனித்தனித் தடம் வகுப்பார். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடத்துவார். சைகைக்கு முறுக்கிய, உலோக வலையுறையிட்ட கம்பியையே கொள்வார். வேகமாற்றுக் கருவியை இருத்துமிடத்தில் தகட்டின் வண்ணப்பூச்சைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் படியச் செய்வார். காண்டாக்டர் சுருளின் குறுக்கே ஒரு மின்தடையும் மின்தேக்கியும் இணைத்து, பொறியைப் பிறக்குமிடத்திலேயே அடக்குவார்.