தாமதத் தசைவலி

பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சிக்குப் பின் தசைகளில் தோன்றும் வலியும் விறைப்பும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடைந்து, ஒரு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். அமெரிக்க உடலியங்கியலாளர் தியோடர் ஹஃப் 1902இல் இதை விவரித்தார்.

காரணம்: தசை நீண்டபடியே சுமை தாங்கும் அசைவுகள், அதாவது சரிவில் இறங்கி ஓடுதல், எடையை மெல்லக் கீழிறக்குதல் போன்றவை, தசையிழைகளில் நுண்சிதைவை உண்டாக்குகின்றன. அதைத் தொடரும் அழற்சி வலி நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. லாக்டிக் அமிலத் தேக்கமே காரணம் என்ற நம்பிக்கை தவறு. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் அதன் அளவு இயல்புக்குத் திரும்பிவிடுகிறது.

தணிக்கும் வழிகள்: மென்நடை, மிதிவண்டி ஓட்டம் போன்ற இலகுவான அசைவு தற்காலிக ஆறுதல் தரும். மசாஜ், நுரை உருளையால் தேய்த்தல், குளிர்நீரில் அமிழ்தல் ஆகியவை வலியை ஓரளவு குறைக்கின்றன. தசைநீட்டல் பயிற்சியால் பெரிய பயனில்லை.

தடுப்பு: பயிற்சியின் அளவைப் படிப்படியாகக் கூட்டுவதே சிறந்தது. அதே பயிற்சியைச் சில நாள் கழித்து மீண்டும் செய்தால் வலி வெகுவாகக் குறையும்.

எச்சரிக்கை: கடும் வீக்கம், தசைத் தளர்ச்சி, கருஞ்சிவப்புச் சிறுநீர் ஆகியவை தீவிரத் தசையழிவின் (ராப்டோமயோலிசிஸ்) அறிகுறிகளாக இருக்கலாம்; உடனே மருத்துவரை அணுக வேண்டும்.