முஸ்அபுக்கு வாய்த்த அஸ்அத்

 



ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையையும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் எண்ணிப் பாருங்கள். விமானப்படைத் தளத்தையும் ஆவடித் தொழிற்சாலைகளையும் நம்பிப் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் வந்து குடியேறிய பகுதி அது. அம்பத்தூரும் பூந்தமல்லியும்கூட அப்படித்தான். இத்தகைய புறநகர்ப் பள்ளிவாசல்களில் இமாமாகவும் மதரஸா உஸ்தாதாகவும் பணியாற்ற வருகின்ற ஆலிம்களில் பலர் இளைஞர்கள், வெளியூர்க்காரர்கள். பெற்றோரைப் பிரிந்து, பள்ளிவாசலை ஒட்டிய சிறு அறையில் தங்கி, நம் பிள்ளைகளுக்கு அலிஃப், பே கற்றுக் கொடுப்பவர்கள். வெள்ளிக்கிழமை மிம்பரில் அவரைப் பார்க்கிறோம். மற்ற ஆறு நாட்களில் அவர் எப்படி வாழ்கிறார், யார் அவருக்குத் துணை என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

இஸ்லாமிய வரலாற்றில் இப்படி அயலூருக்கு ஆசிரியராக அனுப்பப்பட்ட முதல் மனிதர் முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்கள். அவர்களுடைய பணி எப்படி வெற்றி பெற்றது என்பதை அறிய வேண்டுமானால், அவர்களுக்கு வீடு திறந்துவிட்ட மற்றொரு மனிதரையும் சேர்த்தே அறிய வேண்டும்.

செல்வமும் சிறையும்

முஸ்அப் (ரலி) அவர்கள் குறைஷிகளில் அப்துத்தார் கிளையைச் சேர்ந்தவர்கள். தாயார் குனாஸ் பின்த் மாலிக் பெரும் செல்வச் சீமாட்டி. மக்காவிலேயே மிக நேர்த்தியாக உடுத்தி, மிக உயர்ந்த நறுமணம் பூசி வலம் வந்த வாலிபர் யார் என்று கேட்டால், மக்கள் முஸ்அபைத்தான் சுட்டுவார்கள். அந்த வாலிபர் அர்கம் (ரலி) அவர்களின் இல்லத்துக்குச் சென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சந்தித்து ஈமான் கொண்டார்கள். செய்தி அறிந்த குடும்பத்தார் அவர்களைப் பிடித்து அடைத்து வைத்தனர். அந்தச் சிறையிலிருந்து விடுபட்டு அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்து, பின்னர் மக்காவுக்கே திரும்பியபோது, பழைய பட்டாடைகளும் இல்லை; தாயின் செல்வமும் இல்லை. திருக்குர்ஆன் மட்டும் நெஞ்சில் இருந்தது.

கி.பி. 621ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் யத்ரிபைச் சேர்ந்த 12 பேர் அகபாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தனர். தங்கள் ஊருக்குக் குர்ஆனையும் மார்க்கத்தையும் கற்பிக்க அவர்களுக்கு ஒருவர் தேவைப்பட்டார். அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முஸ்அப் (ரலி) அவர்கள். மக்காவிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவு. உறவினர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் அங்கில்லை. பின்னால் படையில்லை, கையில் பணமில்லை.

வீடு திறந்தவர்

யத்ரிபில் அவர்கள் தங்கியது அஸ்அத் பின் ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில். கஸ்ரஜ் குலத்தின் நஜ்ஜார் கிளையைச் சேர்ந்த அஸ்அத் (ரலி) அவர்கள் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள். 620ஆம் ஆண்டிலேயே அகபாவில் நபியவர்களைச் சந்தித்த அறுவரில் ஒருவர். அவர்களிடம் ஈமானின் வேகம் இருந்தது. ஆனால், குர்ஆனை முறையாகக் கற்கும் வாய்ப்பு அதுவரை கிட்டவில்லை. முஸ்அப் (ரலி) அவர்களிடமோ குர்ஆன் இருந்தது. அவ்வூரைப் பற்றிய அறிவு இல்லை. எந்தத் தெருவில் எந்தக் குலம், யாருக்கும் யாருக்கும் பகை, யார் சொன்னால் யார் கேட்பார் என்பதெல்லாம் அஸ்அத் (ரலி) அவர்களுக்கே தெரியும். ஒருவர் ஓதக் கற்றுக் கொடுத்தார். மற்றவர் ஊரைக் கற்றுக் கொடுத்தார். ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கொருவர் உஸ்தாதாக அமைந்த அதிசயம் இது!

அவ்வூரின் நிலையை இங்கே நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலங்களும் புஆஸ் போரில் ஒன்றையொன்று வெட்டி மடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு குலத்தார் மற்றொரு குலத்தாரின் பின்னால் நின்று தொழவும் மனம் கூசிய காலம். எனவே இரு குலத்தாருக்கும் பொதுவான அயலூர்க்காரரான முஸ்அப் (ரலி) அவர்களே தொழுகையை முன்னின்று நடத்தினார்கள் என்று இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். அந்நியராக இருப்பது ஒரு குறை என்று நாம் எண்ணுகிறோம். அல்லாஹ் அதையே அங்கு ஒரு நிஃமத்தாக ஆக்கினான்.

தோட்டத்தில் நடந்தது

ஒருநாள் அஸ்அத் (ரலி) அவர்கள் தம் விருந்தினரை அவ்ஸ் குலத்தாருக்குரிய பகுதிக்கு, ளஃபர் கிளையாரின் தோட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். கிணற்றருகே அமர்ந்தார்கள், முஸ்லிம்கள் சிலர் சூழ்ந்தனர். கஸ்ரஜ் குலத்தார் ஒருவர் அவ்ஸ் பகுதியில் வந்து கூட்டம் கூட்டுவது அன்றைய நிலையில் சிறிய செயல் அன்று.

அவ்ஸ் தலைவர் ஸஅத் பின் முஆத் செய்தி அறிந்து கொதித்தார். ஆயினும் அஸ்அத் (ரலி) அவர்கள் அவருடைய பெரியம்மா, சின்னம்மா வழி உறவில் சகோதரர் முறை. உறவினரிடம் நேரில் கடுமை காட்டத் தயங்கிய அவர், உஸைத் பின் ஹுளைரை அனுப்பினார். உஸைதின் தந்தை புஆஸ் போரில் அவ்ஸ் படைக்குத் தலைமை தாங்கி உயிர்விட்டவர். மகன் ஈட்டியுடன் வந்தார்.

அவர் வருவதைக் கண்டதும், வருபவர் தம் கூட்டத்தாரின் தலைவர், அவர் விஷயத்தில் அல்லாஹ்வுக்கு உண்மையாக நடந்துகொள்ளுங்கள் என்று அஸ்அத் (ரலி) அவர்கள் முஸ்அப் (ரலி) அவர்களுக்கு உணர்த்தினார்கள். புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த தோழர் தம் ஆசிரியருக்கு ஆற்றிய உதவியைக் கவனியுங்கள்.

உஸைத் நின்றபடியே ஏசினார். உயிர்மேல் ஆசை இருந்தால் ஓடிவிடுங்கள் என்றார். முஸ்அப் (ரலி) அவர்கள் சினம் கொள்ளவில்லை. சற்று அமர்ந்து கேளுங்கள். பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் உங்களுக்கு வெறுப்பானதை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம் என்ற பொருளில் மென்மையாகப் பேசினார்கள். அது நியாயமே என்று ஒப்புக்கொண்ட உஸைத், ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு அமர்ந்தார். குர்ஆன் ஓதப்பட்டது. கேட்டு முடித்தவர் எழுந்தது, இம்மார்க்கத்தில் சேர என்ன செய்ய வேண்டும் என்று வினவியவராகத்தான்!

பின்னர் உஸைத் (ரலி) அவர்களே ஓர் உபாயம் செய்து ஸஅதை அங்கு வரவழைத்தார்கள். ஸஅதும் கோபத்துடன் வந்தார், அதே அழைப்பைக் கேட்டார், அமர்ந்தார், ஈமான் கொண்டார். அன்று மாலைக்குள் ஸஅத் (ரலி) அவர்களின் அப்துல் அஷ்ஹல் கிளையார், அநேகமாக அனைவரும், இஸ்லாத்தில் நுழைந்தனர்.

தூற்றியவர்களாக வந்த இருவரும் பின்னர் என்ன ஆனார்கள்? உஸைத் (ரலி) அவர்கள் இரவில் குர்ஆன் ஓதியபோது விளக்குகளைப் போன்ற ஒளியுடன் வானவர்கள் இறங்கியதை ஸஹீஹுல் புகாரி தெரிவிக்கிறது. ஈட்டி பிடித்து வந்த கரத்துக்குரியவர் குர்ஆனை நேசித்து ஓதும் நாவுக்குரியவராக மாறினார். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய ஊதியம் வேறென்ன இருக்க முடியும்?

சிறுவர் முதல் முதியவர் வரை

முஸ்அப் (ரலி) அவர்களோடு மதீனாவில் குர்ஆன் கற்பித்த மற்றொருவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள்; கண் பார்வையற்றவர்கள். இவ்விருவருமே மதீனாவுக்கு முதலில் வந்தவர்கள் என்று பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் நினைவுகூர்கிறார்கள். பராஉ (ரலி) அவர்கள் அப்போது சிறுவர். பின்னர் பத்ருப் போருக்கே வயது போதாதவர் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேருமுன்பே "அஃலா" அத்தியாயத்தையும் வேறு சில அத்தியாயங்களையும் தாம் ஓதப் பழகிவிட்டதாக அவர்கள் கூறுவது புகாரியில் பதிவாகியுள்ளது. அண்ணலாரின் முகத்தைக் காணுமுன்பே அவர்களுக்கு அருளப்பட்ட வேதம் ஒரு சிறுவனின் நாவில் குடியேறிவிட்டது!

முதல் ஜும்ஆ

பெருமக்களே! வாரந்தோறும் ஜும்ஆவுக்கு விரைகின்ற நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் முதுமையில் பார்வை இழந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பாங்கொலி கேட்கும்போதெல்லாம் அஸ்அத் பின் ஸுராரா (ரலி) அவர்களுக்காக துஆச் செய்வார்கள். கைப்பிடித்து அழைத்துச் செல்லும் மகன் அப்துர் ரஹ்மான் காரணம் கேட்டார். நகீவுல் களமாத் என்னும் இடத்தில் எங்களை முதன்முதலில் ஜும்ஆவுக்காக ஒன்றுகூட்டியவர் அவர்தாம் என்றார்கள் தந்தை. அன்று எத்தனை பேர் இருந்தீர்கள் என்ற கேள்விக்கு, 40 பேர் என்று பதில் வந்தது. இது அபூதாவூதில் உள்ள செய்தி.

ஜும்ஆவுக்கு 40 பேர் தேவை என்னும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்துக்கு எடுத்துக்காட்டப்படும் ஆதாரங்களுள் இந்நிகழ்ச்சியும் ஒன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றும் சட்டம் அது. முதல் ஜும்ஆவை நடத்தியவர் முஸ்அப் (ரலி) அவர்களே என்றும் அறிவிப்புகள் உள்ளன. மக்களைத் திரட்டியவர் அஸ்அத், தொழவைத்தவர் முஸ்அப் என்று ஆலிம்கள் இவற்றை இணைத்து விளக்குவர். எப்படியாயினும் ஆசிரியரின் பெயரையும் தோழரின் பெயரையும் பிரித்தெடுக்க முடியாதபடி அப்பணி ஒன்றாகிவிட்டது.

622ஆம் ஆண்டில் முஸ்அப் (ரலி) அவர்கள் மக்கா திரும்பினார்கள். இரண்டாம் அகபாவில் 73 ஆண்களும் 2 பெண்களும் பைஅத் செய்தனர். முந்திய ஆண்டு 12 பேர் நின்ற இடம் அது! மக்காவில் அவர்கள் முதலில் சென்றது நபியவர்களிடம். ஊருக்கு வந்தும் என்னிடம் முதலில் வரவில்லையே என்று தாயார் மனம் நொந்து ஏசினார். மீண்டும் தடுத்து வைக்கவும் நினைத்தார். மகனோ தாயின் நலம் நாடி அவரை இஸ்லாத்துக்கு அழைத்தார்கள். தாய் மறுத்துவிட்டார் என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். ஓர் ஊரையே நேர்வழிக்கு அழைத்து வந்தவருக்குச் சொந்தத் தாயின் உள்ளம் திறக்கவில்லை. ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் என்பதை நெஞ்சுருக உணர்த்தும் இடம் இது.

ஹிஜ்ரத் நடந்த சில மாதங்களில், மஸ்ஜிதுன் நபவி கட்டப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், அஸ்அத் (ரலி) அவர்கள் தொண்டை நோயால் வஃபாத்தானார்கள். ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) உஹுதுப் போரில் கொடியை ஏந்திய நிலையில் முஸ்அப் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். கஃபனிட ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களின் மீது இத்கிர் புல்லைப் போட்டு அடக்கம் செய்தனர். மக்காவின் பட்டாடை வாலிபர் இப்படி விடைபெற்றார்கள். இருவரும் மறைந்தார்கள், அவர்கள் தொடங்கிய ஜும்ஆ இன்றுவரை நிற்கவில்லை.

நமக்கு என்ன பாடம்?

இந்த மரபு நம் தமிழ் மண்ணிலும் தழைத்தது. கீழக்கரையின் தைக்கா சாஹிபு வலி (ரஹ்) அவர்களிடம் பயின்று, அவர்களின் மருமகனுமான மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) அரபுத் தமிழில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். கடல் கடந்து இலங்கைக்கும் சென்று தீன் பணியாற்றினார்கள். ஓர் ஆசிரியர் உருவாக்கிய ஒரு மாணவரால் இரு கரைகளும் பயன்பெற்றன.

அன்பிற்குரியவர்களே! உங்கள் மஹல்லாவுக்கு வரும் இளம் ஆலிம் ஒரு முஸ்அபாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவருக்கு ஓர் அஸ்அத் இருக்கிறாரா என்று எப்போதாவது கேட்டோமா? அவர் நோயுற்றால் கஞ்சி கொண்டு செல்பவர் யார்? இன்னார் வீட்டில் இன்ன துயரம், இன்னாருக்கும் இன்னாருக்கும் மனத்தாங்கல், பார்த்து நடந்துகொள்ளுங்கள் ஹஜ்ரத் என்று அன்போடு அவருக்கு எடுத்துச் சொல்பவர் யார்? பெருநாளன்று தம் தாயை நினைத்திருக்கும் அவரைத் தம் வீட்டு ஸஹனில் அமர்த்துபவர் யார்? குறை கண்டால் கமிட்டியில் பேசுகிறோம். அவரோடு அமர்ந்து ஓதிப் பழகுகிறோமா?

இளம் ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் சிறிது என்று மனம் தளராதீர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அவரிடமிருந்து ஊரைக் கற்றுக்கொள்ளுங்கள், அவருக்குக் குர்ஆனைக் கற்றுக் கொடுங்கள். நீங்கள் வேறு ஊருக்குச் சென்ற பின்னும் அவர் பத்துப் பேரைச் சேர்த்து வைத்து ஓதிக்கொடுப்பாராயின், உங்கள் பணி நிறைவேறியது.

தீனைச் சுமந்து வருவோரை அரவணைக்கும் உள்ளத்தையும், கற்றதைப் பிறருக்குச் சேர்ப்பிக்கும் தவ்ஃபீக்கையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.