பதிவேட்டின் சாட்சியம்: தருமபுரி மாவட்டத்தில் சுகாதாரத் தரவுத் தானியக்கம் பற்றி

1. வாதம்

சமூக நலவாழ்வுத் திட்டங்களின் அறிக்கைகளைக் கணினியே தொகுத்துத் தரும் நிலைக்குத் தமிழகம் நகர்ந்துவருகிறது. 2008இல் தொடங்கப்பட்ட ‘பிக்மி’ தகவல் அமைப்பு, கருவுற்ற தாய்மாரைப் பெயர்வாரியாகப் பதிந்து, மகப்பேறு வரையிலும் அதற்குப் பின் குழந்தையின் தடுப்பூசி வரையிலும் பின்தொடர்கிறது. அதில் தாய்க்குக் கிடைக்கும் ஆர்.சி.எச். (இனப்பெருக்க, குழந்தை நல) எண், பிறப்புப் பதிவுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அடிப்படையாகிவிட்டது.

கூட்டுவது, தொகுப்பது, மேலே அனுப்புவது ஆகிய மூன்றையும் இயந்திரத்திடம் முழுமையாக விட்டுவிடலாம், விட்டுவிடவும் வேண்டும். ஆனால் களத்தில் இருப்பவர் தான் அறிந்ததைத் தன் சொல்லில் எழுத ஓர் இடம் வேண்டும். எழுதியது அவருக்குப் பயன்படும் வடிவில் அவரிடமே திரும்பி வரவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத தானியக்கத்தால் அறிக்கைதான் விரைவாகும். தருமபுரியின் அனுபவத்தைக் கொண்டு இதை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

2. கையால் எழுதிய பதிவேடு காட்டியது

தருமபுரி, சேலம், மதுரை வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை நடப்பதைப் பலரும் 1980களிலிருந்தே பேசிவந்தனர். அது எங்கே, எந்த அளவில் நடக்கிறது என்பதற்கு மட்டும் உறுதியான கணக்கு இருக்கவில்லை. ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் குறையைத் தீர்த்தது. அவர்களுக்குப் பெரும் ஆதாரமாக அமைந்தவை ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே இருந்த சிசு மரணப் பதிவுகளே.

பிறந்த முதல் வாரத்தில் இயல்பாக ஆண் குழந்தைகளே கூடுதலாக இறக்கின்றன. சில வட்டாரங்களின் பதிவுகளில் இது தலைகீழாக இருந்தது. மரணக் காரணத்தை எழுதும் இடத்தில் பல பெண் குழந்தைகளுக்கு ‘சமூகக் காரணம்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. ஊரில் என்ன நடந்தது என்று அறிந்த ஒருவர், நேரடியாக எழுத முடியாததை எழுதக்கூடிய சொல்லில் எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகளைத் திரட்டியபோது, மதுரைப் பக்கத்திலிருந்து சேலம், தருமபுரி வழியாக வட ஆர்க்காடு வரை நீளும் ஒரு நிலப்பகுதி தெளிவாகத் தெரிந்தது.

அன்று காரணத்துக்கான இடத்தில் குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், தொற்று, ‘பிற’ என்ற நான்கு தெரிவுகளே திரையில் இருந்திருந்தால், இந்த மரணங்கள் ‘பிற’ என்ற தலைப்பின் கீழ் கரைந்துபோயிருக்கும். மாவட்டச் சராசரியும் பிழையின்றி வந்திருக்கும்.

தெரியவந்தது ஏட்டோடு நிற்கவில்லை. 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் அரசின் டேனிடா உதவித் திட்டத்தின் கீழ் தருமபுரியில் கலைஜாதா என்னும் தெருநாடகப் பயணம் உள்ளிட்ட பரப்புரை நடந்தது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்து 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இம்மாவட்டத்துக்கும் வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் என்றிருந்த விகிதம், 2011இல் 913 ஆக உயர்ந்தது. இம்மாற்றத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் எந்த வட்டாரத்தில் வேலையைத் தொடங்குவது என்று காட்டியது அந்தப் பதிவேடு.

3. இயந்திரத்தால் மட்டுமே இயல்வது

கையெழுத்துப் பதிவேட்டைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் தாய்மார், தடுப்பூசி, பிறப்பு, இறப்பு, குடும்பநலம் எனத் தனித்தனி ஏடுகளைப் பராமரிக்கிறார். ஒரே தாயின் பெயரைப் பல இடங்களில் எழுதுகிறார். மாதக் கடைசியில் பக்கம் பக்கமாகக் கோடு போட்டு எண்ணி, படிவத்தை நிரப்பி, ஆய்வுக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்கிறார். கணினி வந்தபின் அதையே திரையிலும் ஒருமுறை என்ட்ரி போட நேர்ந்தால் சுமை இரட்டிப்பாகிறது. வீடு வீடாகப் போக வேண்டிய நேரத்தை இது தின்கிறது.

தானியக்கத்தின் பெரும் பயன் இந்தச் சுமையைக் குறைப்பதோடு முடிவதில்லை. காலத்தின் ஊடே ஒரே ஆளைத் தொடர்வது ஏட்டுக்கு அரிது, கணினிக்கு எளிது. பன்னிரண்டாம் வாரத்தில் பதிவான கர்ப்பம் பிறப்பில் முடியாமல் நின்றுபோனால் அது உடனே தெரியும். ஒரு வட்டாரத்தில் இரண்டு பெண் குழந்தைகள் உள்ள தாய்மாரிடம் மட்டும் இது அடிக்கடி நேர்ந்தால், ஐயப்பட வேண்டிய இடம் கருவின் பாலினத்தைச் சொல்லிவிடும் ஸ்கேன் மையம். தருமபுரி பகுதியில் கருவின் பாலினத்தைச் சட்டவிரோதமாகக் கண்டறிந்து சொன்ன கும்பல் 2022இல் பிடிபட்டது. சிக்கல் பழங்கதையாகிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. எனினும் கணினி தரும் எச்சரிக்கை தாயைக் குற்றவாளியாக்கும் கருவியாகிவிடக் கூடாது. அப்படியானால் அடுத்த பெண் தன் கர்ப்பத்தைப் பதியவே வரமாட்டார்.

4. சித்திலிங்கி கற்பிப்பது

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் பழங்குடி நலவாழ்வு முனைப்பு அமைப்பைத் தொடங்கினர். அப்போது அங்கே 1,000 பிறப்புகளுக்கு 147 சிசு மரணங்கள். ஊர்ப் பெண்களையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் ஊருக்கே சென்று பார்க்கும் முறையால் அது பன்மடங்கு குறைந்தது. குழந்தையை எடைபோட்டவரே எடை குறைந்ததைப் பார்த்தார், தாயிடம் பேசினார், அடுத்த முறையும் அவரே போனார். தரவைச் சேர்த்தவரும் பயன்படுத்தியவரும் ஒருவரே.

சிறு மக்கள்தொகைக்கு விகிதங்கள் போதா என்பதும் இங்கே விளங்குகிறது. ஆண்டுக்கு 200 பிறப்புகள் நிகழும் இடத்தில் ஒரே ஒரு மரணம் விகிதத்தை 5 புள்ளிகள் ஏற்றிவிடும். மாவட்ட வரைபடத்தில் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே உள்ள கர்ப்பிணியர் இன்னின்னார், அவர்களுக்குப் பிரசவத் தேதி இன்னது என்ற பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் மலைக் கிராமத்தில் வேலை செய்ய முடியும்.

5. ஒரு மறுப்பும் பதிலும்

அவரவர் சொல்லில் எழுதினால் மாவட்டங்களை ஒப்பிட முடியாது என்பார்கள். மறுப்பு நியாயமானதே. குறியீட்டுப் பட்டியல் கட்டாயம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி எழுத இடமும் இருக்கட்டும். ஒரு வட்டாரத்தில் மாதந்தோறும் நேரும் சிசு மரணங்களின் குறிப்புகளைக் கூட்டத்தில் படிக்கச் சில நிமிடங்கள் போதும்.

இது புதுச் சிந்தனையும் அல்ல. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் 1990களில் உருவாகி, ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் துணையோடு பல நாடுகளுக்குப் பரவிய டி.எச்.ஐ.எஸ். என்னும் மாவட்ட சுகாதாரத் தகவல் அமைப்பு, தேவையான தரவை மட்டும் சேர்ப்பது, சேர்த்த இடத்திலேயே பயன்படுத்துவது என்ற கொள்கையோடுதான் பிறந்தது.

6. முடிவு

தருமபுரிக்கு ஏற்ற தானியக்கம் நான்கு நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். ஒரு தகவலை ஒருமுறை மட்டுமே பதிய வேண்டும். சிக்னல் இல்லாத ஊரிலும் பதிவு சேமிக்கப்பட வேண்டும். அந்த வாரம் பார்க்க வேண்டியவர்களின் பட்டியல் செவிலியரின் கைக்கு வர வேண்டும். காரணத்தைச் சொல்லும் உரிமை அவரிடமே இருக்க வேண்டும். முதல் இரண்டும் மென்பொருள் எழுதுவோரின் வேலை. பின்னிரண்டும் நிர்வாகத்தின் முடிவு. செவிலியரைத் தரவு அனுப்பும் ஆளாகக் கருதும் நிர்வாகம் எவ்வளவு சிறந்த மென்பொருளை வாங்கினாலும், 1990களின் காகித ஏடு சொன்ன அளவுக்குக்கூட அந்த மென்பொருள் உண்மை சொல்லாது.