உறையை விட்டு மேடைக்கு வந்த கெரிஸ்

மலாய்க்காரர் கல்யாணத்துக்குப் போனவர்கள் கெரிஸ் என்ற குத்துவாளைப் பக்கத்தில் பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளையின் இடுப்பில், சொங்கேட் சரிகைத் துணி மடிப்புக்குள் உறையோடு செருகியிருக்கும். வளைந்த அலகு என்றால் வளைவுகள் ஒற்றைப்படையில்தான் வரும். எலுமிச்சைச் சாறு விட்டுத் துடைத்து, எண்ணெய் தடவி, பரம்பரைச் சொத்தாகப் பாதுகாப்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதைக் கண்டு பயமே வராது.

சண்டைக்குப் பிறந்த கத்தி இப்படித்தான் சடங்குக்கு இடம் மாறியது. மலேசிய மாமன்னர் அரியணை ஏறும்போது அரச கெரிஸை உருவி முத்தமிடுகிறார். நாட்டுச் சின்னத்தில் ஐந்து கெரிஸ்கள் இருக்கின்றன. 1946இல் பிறந்த மலாய்க் கட்சியான அம்னோவின் கொடியிலும் ஒன்று உண்டு.

2005 ஜூலையில் கெரிஸ் கோலாலம்பூர் புத்ரா உலக வாணிப மையத்தில், அம்னோ இளைஞர் பிரிவு மாநாட்டு மேடைக்கு வந்தது. பிரிவின் தலைவர் ஹிஷாமுடின் உசேன் அதை உருவி உயர்த்தினார். அரண்மனையில் செய்யும் அதே செய்கைதான். ஆனால் இங்கே கூடவே மலாய் உரிமை பற்றிய ஆவேசப் பேச்சும் இருந்தது. அவர் அன்றைய கல்வி அமைச்சர். நம் தமிழ்ப்பள்ளிகளும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. அந்தக் காட்சி பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் எத்தனை வீடுகளில் நெஞ்சைக் கலக்கியிருக்கும்! 2006 மாநாட்டிலும் கெரிஸ் உயர்ந்தது. உருவியாயிற்று, எப்போது பயன்படுத்தப் போகிறீர்கள் என்ற பொருளில் ஒரு பேராளர் கேட்டே விட்டார். மாநாடு தொலைக்காட்சியில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது.

2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கோரிய ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. 2008 மார்ச் 8 தேர்தலில் அம்னோ தலைமையிலான தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பலத்தையும், சிலாங்கூரையும் இழந்தது. காரணங்கள் பல, கெரிஸும் அவற்றில் ஒன்று. அந்த ஏப்ரலில் ஹிஷாமுடின் கெரிஸ் விவகாரத்துக்காக மன்னிப்புக் கேட்டார்.

ஆனாலும் பாடம் நிலைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் திரெங்கானுவின் செத்தியுவில், பாஸ் கட்சி இளைஞர்கள் போர்வீரர் உடையில் போலி வாள், ஈட்டி, கேடயம் ஏந்தி அணிவகுத்தார்கள். காவல்துறை விசாரணையில் இறங்கியது.

சட்டம் ஓரளவுக்குத்தான் உதவும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவு போலித் துப்பாக்கியை வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. பொது இடத்தில் ஆயுதம் ஏந்துவதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அதுவும் சட்டபூர்வமான நோக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். வெட்டாத அட்டை வாளால் எழும் அச்சத்தை எந்தப் பிரிவில் அளப்பது? கூர்மையை வைத்து மட்டும் விதி எழுதினால் போதாது. யார் முன்னால், என்ன பேசிக்கொண்டு தூக்குகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இது நமக்கும் பொருந்தும். வேலும் அரிவாளும் சிலம்பமும் நம் விழாக்களில் இருக்கின்றன, இருக்கட்டும். இளைஞர்களை வழிநடத்தும் ஆலயப் பொறுப்பாளர்களே, சிலம்ப ஆசான்களே, அடுத்த ஊர்வலத்துக்கு முன் ஒரு பக்கத்தில் விதி எழுதி வையுங்கள்: எதை ஏந்தலாம், எங்கே இறக்கி வைக்க வேண்டும், ஏந்தும்போது எந்தக் கோஷம் கூடாது. பக்கத்து வீட்டு மலாய், சீன நண்பரிடம் அதைக் காட்டி, அவர் சொல்வதையும் கேளுங்கள்.