விற்றபின் சொன்ன சேதி

2005 நவம்பர் 1-ஆம் தேதி சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் தன் 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' விளையாட்டுக்கு ஒரு புதிய விரிவாக்கத்தை விற்பனைக்கு விட்டது. 'ட்ரயல்ஸ் ஆஃப் ஓபி-வான்' என்று பெயர். எரிமலைக் குழம்பு ஓடும் முஸ்தஃபார் கோளுக்குப் போகலாம், புதிய எதிரிகளோடு மோதலாம் என்று விளம்பரம். ஏற்கெனவே மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் இதற்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் இன்னொரு அறிவிப்பு வந்தது. விளையாட்டையே அடியோடு மாற்றி எழுதியிருக்கிறோம், சீக்கிரமே பழையது இருக்காது என்று. நவம்பர் 15-ஆம் தேதி மாற்றியும் விட்டார்கள். வாடகைக்கு அட்வான்ஸ் வாங்கிய கையோடு, "நாளைக்கு அடுப்படியை இடிக்கிறேன்" என்று வீட்டுக்காரர் சொன்ன கதைதான்.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குத் தொழில்தான் காரணம். சென்னையில் ஒரு மொபைல் கேம் நிறுவனத்தில் சில வருடம் அப்டேட் குறிப்புகள் எழுதினேன். பெயர் வேண்டாம், நிறுவனமும் இப்போது இல்லை. கேமைத் திறந்ததும் ஒரு பெட்டி வந்து நிற்குமே, 'புதிதாக என்ன' என்று, அதில் வருகிற வாசகங்கள் என் வேலை. அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மேலே புது உடுப்பின் படம். அப்புறம் பண்டிகைச் சலுகை. அப்புறம் இரண்டு பிழை திருத்தங்கள். பிளேயரின் கையிலிருந்து எதையாவது பிடுங்குவதாக இருந்தால் அது ஆறாவது வரிக்குக் கீழே, "சமநிலை கருதிச் சில மாற்றங்கள்" என்று. ஆறாவது வரியைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் தள்ளமாட்டார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சோனி செய்தது ஆறாவது வரியில் ஒளிக்கக்கூடிய மாற்றமில்லை. 2003 ஜூனில் வந்தபோது கேலக்ஸீஸ் ஒரு விசித்திரமான விளையாட்டு. அதன் படைப்பு இயக்குநர் ராஃப் கோஸ்டர், எல்லோரும் கத்தியெடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தவர். 30-க்கும் மேற்பட்ட தொழில்கள். ஒருவர் தையற்காரர், ஒருவர் வீடு கட்டுகிறவர், ஒருவர் காட்டு மிருகங்களைப் பிடித்துப் பழக்குகிறவர். மதுக்கடையில் ஆடுவதும் வாத்தியம் வாசிப்பதும்கூட முழுநேரத் தொழில். சண்டையில் களைத்து வந்தவர்கள் ஆட்டக்காரர் முன் உட்கார்ந்தால்தான் களைப்பு தீரும். ஆக, துப்பாக்கிக்காரருக்கு ஆட்டக்காரர் வேண்டும், இருவருக்கும் தையற்காரர் வேண்டும். பிளேயர்களே ஊர் கட்டி, தங்களுக்குள் ஒருவரை மேயராக்கினார்கள். ஒளிவாள் வீரரான ஜெடை ஆவது மட்டும் குதிரைக்கொம்பு. எப்படி ஆவது என்பதையே முதலில் ரகசியமாக வைத்திருந்தார்கள். பிறகு வழி தெரிந்தும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.

புதிய வடிவத்தில் தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. மிருகம் பழக்குகிற தொழில் அதோடு போயிற்று. ஜெடை? தொடக்கத் திரையிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் உழைத்தவரும் நேற்று மாலை சேர்ந்தவரும் ஒரே வாளோடு நின்றார்கள்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்து சந்தாதாரர்களை லட்சக்கணக்கில் அள்ளிக்கொண்டிருந்தது. உரிமையாளரான லூகாஸ் ஆர்ட்ஸ், ஸ்டார் வார்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுத் தையல் கடை நடத்தினால் புது ஆள் எப்படி வருவார் என்று கேட்டது. நியாயமான கேள்வி. அதற்கு அவர்கள் கண்ட விடை சரியா தவறா என்பதுகூட எனக்கு இரண்டாம்பட்சம். இவ்வளவு பெரிய மாற்றம் ஒரு வாரத்தில் எழுதப்படுவதில்லை. நவம்பர் 1-ஆம் தேதி விரிவாக்கத்தை விற்பனைக்கு விடும்போதே உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியும். வாங்கியவர்களுக்குத் தெரியாது. ஆத்திரம் பெருகியதும் விரிவாக்கத்தின் விலையைத் திருப்பித் தரச் சம்மதித்தார்கள். டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் செய்தி போயிற்று. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறினார்கள். எதிர்பார்த்த புதியவர்கள் வரவில்லை. 2011 ஜூனில் மூடுவிழா அறிவிப்பு, டிசம்பர் 15-ஆம் தேதி மூடல்: அதற்கு மட்டும் கிட்டத்தட்ட ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள்.

ஏதோ சோனிக்கு முன்னுதாரணம் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். படமே இல்லாத, வெறும் எழுத்தாலான உலகங்களின் காலத்திலேயே இந்தப் பிரச்சினை வந்தாயிற்று. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் கணினியில் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 'லாம்ப்டாமூ' என்ற உலகத்தை நடத்திவந்தார். அதை நிர்வகித்தவர்களுக்கு அங்கே மந்திரவாதிகள் என்று பெயர். 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார்: இனிமேல் மந்திரவாதிகள் தொழில்நுட்ப வேலை மட்டும் செய்வார்கள், உங்கள் சண்டை சச்சரவுகளை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். எப்படித் தீர்ப்பது என்று கடிதத்தில் இல்லை. சில மாதத்தில், ஒருவன் மற்றவர்களின் பாத்திரங்களைத் தன் கைப்பாவையாக்கி எல்லார் முன்னிலையிலும் அசிங்கப்படுத்தினான். தண்டிப்பது யார் என்று விடியவிடியப் பேசினார்கள், முடிவுக்கு வரவில்லை. கடைசியில் ஒரு மந்திரவாதி தன்னிச்சையாக அவன் கணக்கை அழித்தார். ஊரிலில்லாத கர்ட்டிஸ் திரும்பி வந்து நடந்ததைப் படித்துவிட்டு, மனு கொடுத்து வாக்கெடுப்பு நடத்தும் முறையைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு ஒன்றுக்கு ஆதரவு இரண்டு என்ற விகிதம் வேண்டும். 1996 மே மாதம் இன்னொரு கடிதம்: நாங்கள் ஒதுங்கி நிற்பதென்பது நடவாத காரியம் என்று மந்திரவாதிகளே ஒப்புக்கொண்டு அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தோற்றுப்போன ஏற்பாடுதான். ஆனால் இரண்டு கடிதங்களும் நேர்மையானவை. என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதை வெளிப்படையாகச் சொன்ன வகை. ஆறாவது வரிக்கு அங்கே வேலையில்லை.

நம்மூர்க்காரர்கள் பலருக்கு இந்த மாதிரி உலகங்களின் அறிமுகம் 'ரூன்ஸ்கேப்' வழியாகத்தான். கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ கவர் எழுதி 2001 ஜனவரியில் வெளியானது. அந்தக் காலத்தில் சிடி வேண்டாம், இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ஜாவா இருந்தால் பிரவுசரிலேயே ஓடும். பிரவுசிங் சென்டருக்கென்றே செய்தது போலிருக்கும். நான் திருச்சியில் படித்தபோது எங்கள் சென்டரில் ரூன்ஸ்கேப் ஆடாத சிஸ்டம் குறைவு. சென்டர்க்கார அண்ணன் ரசீது பிரிண்ட் எடுக்க வந்தவர்களை உட்காரவைக்க இடமில்லாமல், "தம்பி, அந்த மீனைப் பிடிச்சது போதும், எழுந்திரிங்கடா" என்பார். நான் அதில் மீன் பிடித்துக்கொண்டே இருந்தவன். சண்டைப் பக்கம் போனதில்லை.

அந்த விளையாட்டில் அறிவிப்பு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஒரு மஞ்சள் வரி. 'சிஸ்டம் அப்டேட்' என்று போட்டு, பக்கத்தில் நிமிடமும் விநாடியும் குறைந்துகொண்டே வரும். சண்டையில் இருப்பவன் ஓடுவான், பொருளைப் பத்திரப்படுத்துவான். எப்போது நிற்கும் என்று விநாடி சுத்தமாகச் சொன்ன அந்த வரி, திரும்பி வரும்போது என்ன இருக்காது என்பதைச் சொல்லாது. அதற்கு முகப்புப் பக்கத்துச் செய்தியைப் போய்ப் படிக்க வேண்டும்.

2007 டிசம்பர் 10 வந்தது. 'வைல்டர்னெஸ்' என்ற வனாந்தரத்தில் ஒருவரையொருவர் கொன்று பொருளைப் பறிக்கும் பழைய வழக்கத்தை, ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் நீக்கியது. 2008 ஜனவரி 2-ஆம் தேதி அடுத்த அடி: சமமில்லாத பண்டமாற்றுக்கு வரம்பு. காரணத்தை ஜாகெக்ஸ் மறைக்கவில்லை. விளையாட்டுக் காசை நிஜக் காசுக்கு விற்கும் கும்பல்கள் திருட்டு கிரெடிட் கார்டுகளில் சந்தா கட்டின. கார்டுக்குச் சொந்தக்காரர் புகார் செய்தால் வங்கி பணத்தைத் திரும்பப் பிடுங்கும். கைமாற்றும் வழியை அடைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் அதே வழியில்தான் சீனியர் ஒருவன் புதிதாய்ச் சேர்ந்த ஜூனியருக்கு ஒரு கவசத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்துவந்தான். திருடனுக்கும் கொடையாளிக்கும் கம்ப்யூட்டரால் வித்தியாசம் காண முடியாது. விளையாட்டுக்குள்ளேயே ஆட்கள் திரண்டு கோஷம் போட்டார்கள். ஜாகெக்ஸ் அசையவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே நிறுவனம் செய்ததுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம். 2010 டிசம்பரில், வனாந்தரமும் கட்டற்ற வியாபாரமும் திரும்ப வேண்டுமா என்று பிளேயர்களிடமே வாக்குக் கேட்டது. 12 லட்சத்துக்கும் மேல் வாக்குகள். 91 சதவீதம் வேண்டும் என்றது. 2011 பிப்ரவரி 1-ஆம் தேதி இரண்டும் திரும்பின.

பாடம் கற்றுவிட்டார்கள் என்று நினைத்தால், 2012 நவம்பர் 20-ஆம் தேதி சண்டை முறையை முழுக்க மாற்றினார்கள். முன்கூட்டிச் சொல்லி, சோதித்துப் பார்க்க பீட்டாவும் கொடுத்துத்தான் செய்தார்கள். சேதி போய்ச் சேரவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி. ஆட்கள் மறுபடி வெளியேறினார்கள். நல்லவேளையாக 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்கப் ஒன்று கைவசம் இருந்தது. அந்தப் பழைய ரூன்ஸ்கேப்பைத் திறக்கலாமா என்று 2013 பிப்ரவரியில் கேட்டார்கள். நாலரை லட்சம் பேர் அளவுக்கு ஆதரவு. அந்த மாதமே 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' திறந்தது. அதில் பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் வாக்கெடுப்பு. 75 சதவீதம் வந்தால்தான் உள்ளே. 2022-இல் அதை 70 ஆக்கினார்கள். 2019-இல் 'வார்டிங்' என்றொரு புதுத் திறனை உருவாக்க முன்மொழிந்தபோது தேவையான வாக்கு கிடைக்காமல் தூக்கிப்போட்டார்கள். திட்டமிட்டு, படம் வரைந்து, விளக்கம் எழுதி, அப்புறம் குப்பையில் போடுவதென்றால் எந்த முதலாளிக்கும் வயிறு எரியும். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு யோசனையைச் சொல்லியிருந்தால் டீயை வைத்துவிட்டு எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

ஐஸ்லாந்தின் விண்வெளி விளையாட்டான 'ஈவ் ஆன்லைன்' இன்னொரு வழியைப் பிடித்தது. 2008 முதல் பிளேயர்கள் தேர்ந்தெடுத்த ஒரு சபை உண்டு. 2011-இல் நிறுவனத்தின் உள்சுற்றுப் பத்திரிகை ஒன்று கசிந்து, நிஜப் பணத்துக்குப் பொருள் விற்பது பற்றி உள்ளே நடந்த விவாதம் வெளியே வந்தது. விளையாட்டுப் பாத்திரம் அணியும் ஓர் ஒற்றைக்கண் கண்ணாடிக்கு அறுபது டாலருக்கு மேல் விலை வைத்திருந்த நேரம். விண்வெளிச் சந்தையில் இருந்த நினைவுச் சின்னத்தைக் கப்பல் கப்பலாக வந்து சுட்டார்கள். சபை உறுப்பினர்களை அவசரமாக ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துப் பேசினார்கள். தலைமை நிர்வாகி ஹில்மர் பெட்டுர்சன் பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சபை இருந்தும் சேதி கசிந்துதான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

மூடுவதைச் சொல்வதில் ஜிங்கா நிறுவனம் மேல். 'ஃபார்ம்வில்'லில் தக்காளி நட்டவர்கள் நம் வீடுகளிலும் நிறைய. ஃபிளாஷ் தொழில்நுட்பம் சாகப்போகிறது, அதனால் 2020 டிசம்பர் 31-ஆம் தேதி தோட்டம் மூடப்படும் என்று செப்டம்பரிலேயே சொன்னார்கள். நவம்பர் 17-க்கு மேல் காசு வாங்கவும் மறுத்தார்கள். காசு வாங்குவதை முதலில் நிறுத்திவிட்டுக் கடையை அப்புறம் மூடுவது. சோனி செய்ததற்கு நேர் தலைகீழ். அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலை இந்திய அரசு தடைசெய்த சேதி பிளேயர்களுக்கு அரசுச் செய்திக்குறிப்பு வழியாகத்தான் வந்தது. அங்கே நிறுவனத்துக்கே அவகாசம் இல்லை, அதைக் குறைசொல்ல மாட்டேன்.

இப்போது சென்னையிலும் கோவையிலும் கேம் செய்கிற இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளேயரின் கையிலிருந்து எதை எடுக்கப்போகிறீர்களோ அதை முதல் வரியில், தேதியோடு போடுங்கள். அந்தத் தேதிக்கு முன்பே, அதனால் பயனிழக்கப்போகும் பொருளின் விற்பனையை நிறுத்துங்கள். காசு தமிழ்நாட்டிலிருந்து வருகிறதென்றால் அந்த வரியைத் தமிழிலும் எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் இங்கே வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.